தோட்ட ரோட்டுக்கு ஒற்றை ரிங்: ஷிமானோ டியோர் 11 ஸ்பீட்

மலைநாட்டில் மவுண்டன் பைக் ஓட்டுபவர் என்றால் முன்னால், பெடலோடு சேர்ந்து சுற்றும் பல்சக்கரம், அதாவது ரிங், ஒன்றே ஒன்று போதும் என்பதுதான் என் முடிவு. முன்னால் மூன்று ரிங், பின்னால் எட்டுப் பல்சக்கரம் என்று 24 கியர் இருந்த என் 29 அங்குல சைக்கிளைக் கழற்றி, ஷிமானோ கம்பெனியின் டியோர் எம்5100 கியர் செட் போட்டு அப்புத்தளைப் பக்கமே ஓட்டி வருகிறேன். பின்னால் 11 பல்லிலிருந்து 51 பல் வரை 11 பல்சக்கரங்கள், முன்னால் 30 பல் ரிங் ஒன்று.

அக்கா மகன் பண்டாரவளையில் புது சைக்கிள் எடுக்கப் போகிறான். “மாமா, 24 கியர விட்டுட்டு 11 கியர் எடுக்கச் சொல்றீங்களே, ஏத்தத்துல மாட்டிக்க மாட்டேனா?” என்று கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் கியர் எத்தனை என்று எண்ணினால் விஷயம் தெரியாது. முன் பல்லைப் பின் பல்லால் வகுத்துப் பார்க்க வேண்டும். பழைய சைக்கிளில் ஆக லேசான கியர் முன்னால் 22, பின்னால் 34. பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 0.65 சுற்று. இப்போது 30க்கு 51, அதாவது 0.59. ஏற்றத்துக்கு ஒற்றை ரிங்தான் லேசு. அப்புறம் அந்த 24இல் பல கியர்கள் ஒன்றுக்கொன்று இரட்டை. நடு ரிங் 32க்குப் பின்னால் 26 போட்டாலும், பெரிய ரிங் 42க்குப் பின்னால் 34 போட்டாலும் மிதிப்பதில் வித்தியாசமே இல்லை, இரண்டும் 1.23 சொச்சம்.

தம்பேத்தன்ன தேயிலை ஃபேக்டரியைத் தாண்டி லிப்டன் சீட் என்ற மலைமுனைக்கு ஏறுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். கொழுந்து மலைகளுக்கு நடுவே ரோடு வளைந்து வளைந்து போகும். ஒரு முடக்கில் திரும்பியதும் எதிர்பாராமல் செங்குத்தாக நிமிரும். நடு ரிங்கிலிருந்து சின்ன ரிங்குக்கு மாற்ற வேண்டியது அந்த இடத்தில்தான், மாறாததும் அந்த இடத்தில்தான். காரணம் இருக்கிறது. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் பாகம்தான் டெரெய்லர். பின் டெரெய்லர், கீழே தளர்வாகத் திரும்பி வரும் செயினை நகர்த்துகிறது. முன் டெரெய்லரோ, நம் முழுப் பலமும் இழுத்துக்கொண்டிருக்கும் மேல் செயினைத் தள்ள வேண்டும். மிதியைக் கொஞ்சம் விட்டுக் கொடுத்தால்தான் செயின் இறங்கும். அந்த ஏற்றத்தில் மிதியை விட்டால் சைக்கிள் நின்றுவிடும். அப்படி நின்று, இறங்கி, தள்ளிக்கொண்டு போனவர்களை அந்த ரோட்டில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஒற்றை ரிங்கில் வலது பெருவிரலுக்கு மட்டும்தான் வேலை. பின்னால் ஒவ்வொரு பல்சக்கரமாக 39, 45, 51 என்று ஏறிக்கொண்டே போகலாம், கால் நிற்காது.

மழைக்காலத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. தோட்டத்துச் செம்மண் சேறும் காய்ந்த தேயிலை இலையும் சேர்ந்து, முன் டெரெய்லரின் கூட்டுக்கும் டயருக்கும் நடுவில் அடைத்துக்கொள்ளும். கேபிளுக்குள் தண்ணீர் போய்க் கறள் பிடித்தால் லீவர் கல்லாகிவிடும். இப்போது அந்தப் பாகமே சைக்கிளில் இல்லை. ரிங்கில் ஒரு பல் தடிப்பு, ஒரு பல் மெல்லிசு என்று மாறி மாறி இருப்பதால் செயினின் அகல இடைவெளியிலும் குறுகிய இடைவெளியிலும் அந்தந்தப் பல் சரியாக உட்காரும். பின் டெரெய்லரில் இருக்கும் கிளட்ச் செயினை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. கல் ரோட்டில் இறங்கும்போது செயின் ஃபிரேமில் அடிக்கும் சத்தம்கூட அடங்கிவிட்டது. 2012இல் ஸ்ராம் கம்பெனி எக்ஸ்எக்ஸ்1 என்று 10 பல்லிலிருந்து 42 பல் வரையான கேசட்டோடு, அதாவது பின் பல்சக்கரத் தொகுதியோடு, இந்த முறையைக் கொண்டுவந்தபோது, அது காசுக்காரர்களின் சாமான். 2020இல் வந்த டியோர்தான் இதை நம்மைப் போன்றவர்களுக்குக் கிட்டக் கொண்டுவந்தது.

நான் பின்னால் 12 பல்சக்கரம் உள்ள 12 ஸ்பீடைத் தேடாமல் 11இல் நின்றதற்கு ஒரு காரணம் உண்டு. ஷிமானோவின் 12 ஸ்பீட் 10க்கு 51 கேசட்டுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் என்ற தனி வகை ஹப் (பின்சக்கரத்தின் நடுக்குடம்) வேண்டும். 11க்கு 51 என்றால் பழைய சாதாரண ஹப்பிலேயே ஏறும், சக்கரம் மாற்றத் தேவையில்லை. முன் ரிங் 32 எடுக்கச் சொல்லிப் பலர் சொல்வார்கள். நம் மலைக்கு 30 எடுங்கள்.

இழப்பு இல்லையா என்றால், இருக்கிறது. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் எனக்கு மணிக்கு 34 கிலோமீற்றர் அளவில்தான் வேகம். பழைய 42 ரிங்கில் 47 போகும். பெரகல இறக்கத்தில் இதை யாரும் உணரமாட்டார்கள். அங்கே பஸ்ஸுக்கும் முடக்குக்கும் பயந்து பிரேக்கைத்தான் பிடித்துக்கொண்டு போவோம். ஆனால் வெல்லவாயவில் இறங்கி தணமல்வில பக்கம் சமதரையில் கூட்டமாக ஓடும்போது கால் சும்மா சுழல்கிறது. ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்கு உள்ள தாவலும் அங்கே உறுத்தும். 15க்கு அடுத்தது 18, நடுவில் ஒன்றும் இல்லை. பழைய கேசட்டில் 17 இருந்தது. எதிர்காற்றில் அந்த ஒரு பல்லுக்காக மனம் ஏங்கும். ஆகவே தார் ரோட்டிலேயே பெரும்பாலும் ஓடுகிறவர், கீழ்நாட்டுக்கு அடிக்கடி இறங்குகிறவர், இரட்டை ரிங் சைக்கிளை விட வேண்டாம். 36க்கு 22 ரிங்கும் 11க்கு 36 கேசட்டும் அவருக்கு இன்றைக்கும் அருமையான சோடி.

நீண்ட கூட்டுள்ள பின் டெரெய்லர் தரைக்குக் கிட்டத் தொங்குகிறது என்பதையும் கவனியுங்கள். கான் ஓரத்தில் புல்லுக்குள் மறைந்திருக்கும் கல்லை விட்டு விலகியே ஓட்டுங்கள். 51 பல்லில் செயின் சாய்ந்து ஓடுவதால் தேய்மானமும் கூடத்தான், அதோடு மெல்லிய 11 ஸ்பீட் செயினை 0.5 சதவீதம் நீண்டதும் மாற்றிவிட வேண்டும். விட்டு வைத்தால் விலை கூடிய கேசட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். எங்கள் டவுன் கடைகளில் ஏழு, எட்டு ஸ்பீட் செயின் எப்போதும் தொங்கும். 11 ஸ்பீட் கேட்டால் கொழும்புக்குச் சொல்லி எடுக்க வேண்டும். அக்கா மகனிடமும் அதைத்தான் சொன்னேன்: சைக்கிள் எடுக்கும்போதே ஒரு செயினும் செயினை இணைக்கும் குவிக் லிங்க் இரண்டும், டெரெய்லர் மாட்டும் ஹேங்கர் ஒன்றும் சேர்த்து வாங்கிவிடு.