கவலைக்கென ஒதுக்கிய அரை மணி நேரம்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு வரிக் கணக்கு பார்த்துத் தருவது என் தொழில். கடைசி நாள் மாலையில் வந்து சேரும் பில்களும், மாதாந்திர ஜிஎஸ்டி கணக்குப் படிவமான ஜிஎஸ்டிஆர் 3பி தாக்கல் ஒரு நாள் தள்ளிப்போனாலும் ஏறும் 50 ரூபாய் தாமதக் கட்டணமும், அதை யார் கட்டுவது என்ற வாக்குவாதமும் என்னை இரவு இரண்டு மணிக்கு எழுப்பிக்கொண்டிருந்த காலத்தில், உளவியல் ஆலோசகர் ஒருவர் ‘கவலை நேரம்’ என்ற முறையைக் கற்றுக்கொடுத்தார்.

அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்ற முறை இது. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே உட்கார வேண்டும். மற்ற வேளைகளில் எழும் கவலைகளைக் குறித்துவைத்து அந்த நேரத்துக்கு ஒத்திப்போட வேண்டும். கண்ட இடத்தில் கவலைப்பட்டுப் பழகியவருக்குப் படுக்கையும் சாப்பாட்டுத் தட்டும்கூடக் கவலையைத் தூண்டும் பொருள்களாகிவிடுவதால், அந்தப் பிணைப்பை அறுப்பதே இதன் நோக்கம்.

முதல் மூன்று வாரங்கள் எனக்கு இது பலிக்கவில்லை. இரவு ஒன்பதரை மணிக்குக் கட்டிலிலேயே உட்கார்ந்ததுதான் காரணம் என்று பிறகு புரிந்தது. நேரத்தை மாலை ஆறு மணிக்கும் இடத்தை மொட்டை மாடிக்கும் மாற்றினேன். காலையில் நெஞ்சை அடைத்த விஷயம் மாலையில் நோட்டில் ஒற்றை வரியாகக் கிடப்பதைப் பார்க்கையில் சற்று வெட்கமாகக்கூட இருந்தது. சில மாதங்களில் அந்த வரிகளை இரண்டாகப் பிரிக்கத் தொடங்கினேன். செய்வதற்கு ஏதேனும் இருந்தால், யாரை எப்போது அழைப்பது என்று எதிரிலேயே எழுதிவிடுவேன். எதுவும் இல்லையென்றால், அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சிக்குப் போய்விடுவேன். கை, தோள், தாடை என ஒவ்வொன்றையும் இறுக்கித் தளர்த்துவதே அது. நாள் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த 18 நாட்களில் இந்த முறை சுத்தமாக உதவவில்லை. அந்தப் பயத்தை மாலை வரை காத்திருக்கச் சொல்ல என்னால் முடியவில்லை. சொல்லியிருக்கவும் கூடாது என்றே நினைக்கிறேன். நோட்டை மூடிவைத்துவிட்டு, அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் அழைத்துப் பேசினேன்.

இப்போது பதினைந்து நிமிடமே போதுமானதாக இருக்கிறது. தாக்கலின் கடைசி நாளுக்கு முந்தைய 19-ஆம் தேதி இரவுகளில் மட்டும் இன்னும் விழிப்பு வருகிறது. தலைமாட்டு நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்கிறேன்.