சிஸ்டர்ஸ் பள்ளியில் நம் பிள்ளைகள்

மூத்தவள் ஏழாவது, சின்னவன் யு.கே.ஜி., இரண்டு பேரும் மதுரையில் சிஸ்டர்ஸ் நடத்தும் ஒரு பள்ளியில்தான். நாங்கள் இந்துக்கள், அதனால் சேர்க்கும்போது அம்மாவுக்குக் கொஞ்சம் தயக்கம். ஆனால் கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்குப் போகிற பீரியடில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு, அவ்வளவுதான், யாரும் எதற்கும் கட்டாயப்படுத்தியதில்லை. சின்னவன் மட்டும் வீட்டிலும் தட்டைப் பார்த்ததும் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறான், காலையில் பாட்டி பூசிவிட்ட விபூதி நெற்றியில் அப்படியே இருக்கும். 1606-இல் வந்து, அப்புறம் காவி கட்டிக்கொண்ட இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நோபிலியைப் பார்த்த ஊருக்கு இதெல்லாம் புதுசா என்ன!

தமிழ் நன்றாகச் சொல்லித்தருகிறார்கள். ண, ன, ந மூன்றையும் மூத்தவள் மூன்றாவதிலேயே பிழையில்லாமல் எழுதினாள், இரட்டைக் கோடு நோட்டில் ஒரு எழுத்து கோட்டைத் தாண்டினாலும் டீச்சர் சிவப்பு மையில் வட்டம் போட்டுவிடுவார். கணக்குதான் சொதப்பல், ஆறாவதில் ஒரே வருஷத்தில் மூன்று டீச்சர் மாறி, பின்னங்கள் பாடத்தை நான்தான் வீட்டில் உட்கார்ந்து நடத்தினேன். ஃபீஸ் பரவாயில்லை. வேன் மட்டும் வேண்டாம், நாங்கள் ஷேர் ஆட்டோவுக்கு மாறிவிட்டோம்.