மேஸ் ரேட்ஸ், நேவ், கேர்ன்: தோட்டத்து மேசைக்கு எது சரிப்படும்?

ஒருவர் (நடத்துநர்) கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் மேசை ஆட்டங்கள் இந்த மூன்றும். இதே வகையைச் சேர்ந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை முதலிலேயே ஓரமாக வைத்துவிடுகிறேன். 1974-இல் வந்து இந்த விளையாட்டு வகையையே தொடங்கி வைத்தது அதுதான். அடிப்படை விதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் 2014-இல் வந்த ஆட்டக்காரர் கையேடு மட்டும் 320 பக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் மேசையைச் சுற்றி உட்காருபவர்கள் மூன்றாம் படிவம் படிக்கும் பிள்ளைகள், செம்பனை ஆலையில் ஷிப்டு முடித்து வரும் அண்ணன்மார், சும்மா எட்டிப் பார்க்க வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளும் முன்னாள் கிராணி (தோட்டத்து எழுத்தர்). தே தாரிக் ஆறுவதற்குள் ஆட்டம் தொடங்கியாக வேண்டும்.

இதற்கு மேஸ் ரேட்ஸ் ஒரு விதத்தில் பிறவிப் பொருத்தம். ஆறு முகப் பகடை மட்டும் போதும். வீட்டில் கிடக்கும் சைடினா பலகை ஆட்டப் பெட்டியைத் திறந்தால் வேலை முடிந்தது. திறன்கள் மூன்றுதான்: வலிமை, சுறுசுறுப்பு, மனவுறுதி. ஆபத்தான காரியம் என்றால் இரண்டு பகடை உருட்டி, திறனைக் கூட்டி, 10 அல்லது அதற்கு மேல் வந்தால் வெற்றி.

அந்தப் பத்து எவ்வளவு கடினம் என்பது உருட்டும்போதுதான் உறைக்கும். திறன் பூஜ்யமாக இருந்தால் ஆறில் ஒரு வாய்ப்பு. +2 இருந்தாலும் நூற்றுக்கு 42 தான். விதியை எழுதிய பென் மில்டன் வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார். யோசித்து, கயிறு கட்டி, ஆள் வைத்து, பகடையே உருட்டாமல் தப்பிக்கப் பார் என்பது கணக்கு. பழகியவர்களுக்கு அது ருசி. முதல் இரவில் வரும் பிள்ளை மூன்று முறை தோற்றால் போனை எடுத்துவிடும்.

மந்திரம் இதில் அட்டகாசம். அட்டவணையில் உருட்டினால் இரண்டு சொற்கள் சேர்ந்து வரும். ‘புகை’, ‘வாயில்’ என்று விழுந்தால் புகைவாயில் என்ன செய்யும்? அதை நடத்துநரும் ஆட்டக்காரரும் அங்கேயே பேசி முடிவு செய்ய வேண்டும். நடத்துநருக்கு வாய்ச்சாலகம் இருந்தால் மேசை கலகலக்கும். இல்லாவிட்டால் அரை மணி நேரம் பஞ்சாயத்துதான். விதி குறையக் குறைய நடத்துகிறவர் தலையில் சுமை ஏறுகிறது. ‘எளிமை’ என்று விற்கப்படும் எல்லா ஆட்டத்திலும் இந்தச் சங்கதி ஒளிந்திருக்கிறது.

நேவும் மில்டனுடையதுதான், 2018. ஏழே பக்கம். ஆறு திறன்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடை உருட்டி, அதில் சிறிய எண் எதுவோ அதுதான் பிறகு உருட்டலோடு கூட்டிக்கொள்ளும் எண். வீரன், மந்திரவாதி என்ற பாத்திரப் பிரிவு எதுவும் கிடையாது. கையில் வாள் இருந்தால் வீரன், மந்திரப் புத்தகம் இருந்தால் மந்திரவாதி. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய சாகசங்களை அப்படியே தூக்கி வந்து ஓட்டலாம் என்பது பெரிய லாபம். ஆயிரம் அனுபவப் புள்ளிக்கு ஒரு நிலை ஏறும். ஏறுவதில் ஆசை உள்ள பிள்ளைகளுக்கு அது பிடிக்கும். எனக்குச் சலிப்பது சண்டை. உருட்டல் எதிரியின் கவச எண்ணைத் தாண்டினால்தான் அடி விழும் என்பதால், ‘படவில்லை, படவில்லை’ என்றே இரண்டு சுற்று ஓடிவிடும்.

கேர்ன் இங்கேதான் ஜெயிக்கிறது. யோஹாய் கால் 2020-இல் வெளியிட்டது. நேவையும் ‘இன்டு தி ஆட்’ என்ற ஆட்டத்தையும் கலந்து செய்தது. இதில் அடி தப்பவே தப்பாது. அடி எவ்வளவு என்று சொல்லும் சேதப் பகடையை நேராக உருட்ட வேண்டியதுதான். வலு 11, உயிர்ப்புள்ளி 4, கவசம் 1 உள்ள ஒருவனை எதிரி வாளால் வெட்டுகிறான். எட்டு முகப் பகடையில் 7. கவசம் ஒன்றைக் கழித்தால் 6. நான்கு புள்ளியும் போய், மிச்சம் இரண்டு வலுவைத் தின்னும், வலு 9. இப்போது இருபது முகப் பகடையில் 9-க்குள் வர வேண்டும். வராவிட்டால் ஆள் சாய்ந்தான், ஒரு மணி நேரத்துக்குள் யாராவது கவனிக்காவிட்டால் செத்தான். இத்தனையும் இரண்டே உருட்டலில். ‘இவனோடு மோதணுமா?’ என்று மேசையே ஒரு கணம் யோசிக்கும். தப்பித்தவன் சற்று உட்கார்ந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால் உயிர்ப்புள்ளி திரும்பிவிடும். வலு அவ்வளவு சீக்கிரம் திரும்பாது.

பொருள் சுமக்கப் பத்தே இடம். மந்திரம் ஓதினால் களைப்பு வந்து ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும். பத்தும் நிரம்பினால் உயிர்ப்புள்ளி பூஜ்யம். இந்தச் சுமைக் கணக்குத் தாளை நம் முன்னாள் கிராணியிடம் கொடுத்துப் பாருங்கள், செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) எழுதுவதுபோல் ஒரு வரி பிசகாமல் வைத்திருப்பார்.

நடத்துகிறவருக்கும் வேலை குறைவு. ஒரு பூதத்துக்கு ஒரே வரி போதும். பணம் திருடும் நம்மூர் குட்டிப்பேயான தோயோலைக் கொண்டு வர நான் எழுதியது: உயிர்ப்புள்ளி 3, வலு 5, சுறுசுறுப்பு 16, மனவுறுதி 8, கடிக்கு நான்கு முகப் பகடை, சண்டையை விட்டுப் பணப்பையோடு ஓடும். காடுதான் கேர்னின் களம் என்பதால் தோட்டத்து எல்லையில் முனீஸ்வரர் காவல் நிற்கும் ஊருக்கு அது தானாகவே பொருந்துகிறது. இலவசமாகக் கிடைக்கிறது. உரிமமும் தாராளம், பெயரைக் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் தமிழில் பெயர்த்து நகலெடுத்துக் கொடுக்கலாம்.

குறை? முதல் பதிப்பில் நிலை ஏறும் ஏற்பாடே இல்லை. அனுபவப் புள்ளி எங்கே என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். அப்புறம் பலமுகப் பகடை வேண்டும். ஊர் எழுதுபொருள் கடையில் தேடிப் பயனில்லை, இணையத்தில்தான் வாங்க வேண்டும். போன் செயலியில் உருட்டலாம், ஆனால் போனைக் கையில் கொடுத்த பிறகு பிள்ளையைத் திரும்ப மேசைக்குக் கூப்பிடுவது தனி சாகசம்.

அதனால் பகடை வந்து சேரும்வரை மேஸ் ரேட்ஸ், ஆனால் நடத்துகிறவர் அந்தப் பத்தை ஒன்பதாக இறக்கிக்கொள்ளட்டும். வந்த பிறகு கேர்ன். நிலை ஏறாமல் முடியாது என்று அடம்பிடிக்கும் குழுவுக்கு மட்டும் நேவ்.

2023-இல் வந்த ஷேடோடார்க்கை நான் இந்த வரிசையில் சேர்க்கவில்லை, புத்தகம் தடிமன். ஆனால் அதிலுள்ள தீப்பந்த விதியை மட்டும் கேர்னுக்குத் தாராளமாகத் திருடலாம்: பந்தம் நிஜக் கடிகாரத்தில் ஒரு மணி நேரம்தான் எரியும். வளவளவென்று பேசும் அண்ணன்மாரை நகர்த்த அதைவிட நல்ல வழி நான் பார்க்கவில்லை.