மனப்பாரத்தோடு புடவைக் கடைக்குப் போகிறவர்கள் இதை வாசித்துவிட்டுப் போங்கள்

திருகோணமலை டவுனில் பட்டுச்சேலை எடுக்க யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முக்கியமாக, வீட்டுக் கவலையும் வேலைக் களைப்பும் சேர்ந்து, "நல்லதாக ஒன்று வாங்கினாலாவது மனசு கொஞ்சம் தெளியும்" என்று கடைப்படி ஏறுகிறவர்களுக்கு. அந்த நினைப்பில் ஒரு பிழையும் இல்லை. வாடிய முகத்தைப் பார்த்து விலை சொல்கிறவர்களிடம்தான் பிழை.

அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்து, ஒருவழியாகத் துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த வாரம் அது. இரவில் அவருக்குப் பக்கத்தில் விழித்திருப்பதும் பகலில் அலுவலகம் போவதுமாக நான் ஓய்ந்துபோயிருந்தேன். மருந்து வாங்க டவுனுக்குப் போன இடத்தில் ஒரு புடவைக் கடைக்குள் போனேன்.

"என்ன அக்கா, முகம் வாடிக் கிடக்கு?" என்று விற்பனைப் பிள்ளை கேட்டாள். அன்பாகத்தான் கேட்டாள், நானும் அம்மாவின் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த முதலாளி கதிரை போடச் சொன்னார், பிளேன்டீ வந்தது. "அம்மா சுகமா வீட்டுக்கு வந்த சந்தோசத்துக்கு எடுங்க தங்கச்சி. அசல் காஞ்சிபுரம் பட்டு, கைத்தறி" என்று மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலையை விரித்தார். 32,000 ரூபாய் சேலை, எனக்காக 26,500 என்றார். கலியாண வீட்டுக்காரர் ஒருவர் அதையே கேட்டு வைத்திருக்கிறார், நாளைக்கு இராது என்றும் சொன்னார். வாங்கினேன். அன்று இரவு மனசு லேசாக இருந்தது உண்மை, அதை மறைக்க மாட்டேன்.

அந்த லேசு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்திருக்கிறார்கள். 2014இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வொன்றின்படி, கவலையில் இருப்பவர் ஒரு பொருளைத் தானே தெரிவுசெய்யும்போது, தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு கொஞ்சம் திரும்புகிறது, கவலையும் குறைகிறது. கோபத்துக்கு அது அவ்வளவாக உதவவில்லையாம். 2008இல் வந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், சோகமான காட்சியைப் பார்த்தவர்கள் ஒரு சாதாரண தண்ணீர்ப் போத்தலுக்கு மற்றவர்களைவிட மிக அதிக விலை கொடுக்க முன்வந்தார்கள். இதையெல்லாம் வாசிக்காமலே நல்லாகத் தெரிந்து வைத்திருக்கும் வியாபாரிகள் இருக்கிறார்கள். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான். ஆஸ்பத்திரிக் கதையைக் கேட்டு, அதற்கு ஆறுதல் சொல்லி, அந்த ஆறுதலையே விலையில் சேர்க்கிறார்கள்.

சேலைக்கு ஃபோல்ஸ் தைக்க உப்புவெளியில் ஒரு தையல்கார அக்காவிடம் கொடுத்தேன். துணியை விரலுக்கிடையில் தேய்த்துப் பார்த்ததுமே, "பிள்ளை, இது பட்டு இல்லை" என்றார். தலைப்பின் ஓரத்தில் தொங்கிய இரண்டு நூலைப் பிய்த்து, இடுக்கியில் பிடித்து நெருப்புக் காட்டினார். நூல் சுருண்டு உருகியது, பிளாஸ்டிக் எரிகிற மணம் வந்தது, ஆறியதும் கறுப்பு மணியாக இறுகிவிட்டது. பிறகு தன் அலுமாரியில் இருந்த பழைய கூறைச்சேலையின் நூலை எரித்துக் காட்டினார். தலைமயிர் கருகும் நாற்றம், நெருப்பை எடுத்ததும் அணைந்தது, சாம்பல் விரலில் நசுக்கப் பொடியானது. என் சேலை முழுக்கப் பொலியெஸ்டர். நாலாயிரம் பெறலாம் என்றார் அக்கா.

ஃபோல்ஸ் தைக்காமல் மறுநாளே கடைக்குக் கொண்டுபோனேன். கதிரையும் இல்லை, பிளேன்டீயும் இல்லை. "பட்டு மாதிரி என்றுதான் சொன்னோம்" என்றார் அதே முதலாளி. பில்லைக் காட்டினேன். அதில் "சாறி 1" என்றும் தொகையும் மட்டுந்தான். "பட்டு என்று எங்க எழுதியிருக்கு?" என்று கேட்டார். விற்ற சாமான் திருப்பி எடுப்பதில்லை, வேண்டுமென்றால் மேலே காசு போட்டு வேறு சேலை எடுக்கலாம் என்றார். அந்தப் பிள்ளை என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, சம்பளத்துக்கு நிற்கிறவள்.

சரி, நீங்கள் கவனிக்க வேண்டியது இந்த பில்தான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் கீழ், கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டு தரவேண்டும். பொருளைப் பற்றிப் பொய் சொல்லி விற்பது குற்றம். ஆகவே காசு கொடுக்கும் முன், "அசல் பட்டு, காஞ்சிபுரம்" என்று பில்லில் எழுதி, கடை முத்திரையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். வாயால் ஆயிரம் சத்தியம் செய்கிறவர் அதை எழுதத் தயங்கினால் சேலையை மேசையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். இந்தியப் பட்டு என்றால், அசல் பட்டு என்று காட்டும் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓர நூல் ஒன்றை எரித்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள். உண்மையான பட்டு விற்கிறவர் அதற்குப் பயப்பட மாட்டார். நாளைக்கு இராது என்றால், இராமல் போகட்டும். தெரிவுசெய்த சந்தோசத்தோடு டச்சு பே கடற்கரையில் கொஞ்சம் நடந்துவிட்டு, அடுத்த நாள் கூட ஒருவரை அழைத்துப் போய் வாங்கலாம்.

நுகர்வோர் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். சேலை, பில், எரித்த நூல் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். முடிவு இன்னும் வரவில்லை, அதனால் கடையின் பெயரை இங்கே கேட்க வேண்டாம். உங்களிடமும் இப்படி "சாறி 1" பில் இருந்தால் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து விபரம் கேளுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தள்ளிப்போடாதீர்கள்.