காது கேட்கும் கருவியில் பாட்டுக் கேட்பது: ஐந்தரை ஆண்டு அனுபவம்

கருவி பொருத்திய மூன்றாம் நாள் இரவு, கைபேசியிலிருந்து புளூடூத் வழியாக ஒரு கச்சேரிப் பதிவை நேரே காதுக்குள் ஓடவிட்டேன். பாடகரின் சொற்கள் பளிச்சென்று கேட்டன. பல ஆண்டுகளாக நழுவிப் போயிருந்த 'ச', 'ஸ' ஒலிகள்கூடத் திரும்பிவந்திருந்தன. மகிழ்ச்சியில் கண் கலங்கியது உண்மை. மிருதங்கம் தனித்து வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அந்த மகிழ்ச்சி வடிந்துவிட்டது. மிருதங்கத்தின் வலக்கைப் பக்கமான வலந்தலை மட்டும் தகரத்தில் விரல் நகத்தால் தட்டுவதுபோல ஒலித்தது. இடக்கைப் பக்கமான தொப்பியிலிருந்து எழ வேண்டிய 'தொம்' எங்கும் இல்லை. வாசிப்பவருக்கு இடது கையே இல்லாததுபோல் இருந்தது.

கருவியை எனக்குப் பொருத்தியவரிடம் போய்ச் சொன்னேன். "இது பேச்சுக்காகச் செய்த கருவி சார், பாட்டு இவ்வளவுதான் கேட்கும்" என்றார். நம்பினேன். ஒன்பது மாதங்கள் பாட்டே கேட்காமல் இருந்தேன். அந்த ஒன்பது மாதங்களை நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுக்கவில்லை. அவர் சொன்னது பாதிதான் சரி, மீதிப் பாதியைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன்.

ஒருநாள் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது வலது காதில் அரித்தது. ஆட்காட்டி விரலைக் காதுத் துளையின் வாயில் வைத்து அழுத்தினேன். 'தொம்' என்று கேட்டது. விரலை எடுத்தேன், போய்விட்டது. மறுபடி அழுத்தினேன், வந்தது. இரண்டு காதுகளையும் விரல்களால் அடைத்துக்கொண்டு அந்தத் தனி ஆவர்த்தனத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டு முடித்தேன். கை வலித்தது, ஆனாலும் எடுக்க மனம் வரவில்லை.

காரணம் எளிது. என் ஆடியோகிராமில், அதாவது செவித்திறன் சோதனை வரைபடத்தில், 250 ஹெர்ட்ஸில் இழப்பு 20 டெசிபல்தான், 4000 ஹெர்ட்ஸில் 65. அதாவது கீழ்ச் சுருதி ஒலிகள் எனக்குக் கிட்டத்தட்ட இயல்பாகவே கேட்கின்றன, மேலே போகப் போகத்தான் சரிவு. இப்படிப்பட்டவர்களுக்குக் காதுக்குள் போகும் ரப்பர் முனையில், அதாவது டோமில், ஓட்டைகள் உள்ள திறந்த வகையைக் கொடுப்பார்கள். வெளியுலகின் தாழ்ந்த ஒலிகள் அந்த ஓட்டைகள் வழியாகத் தாமாகவே உள்ளே வரும், உயர்ந்த ஒலிகளைக் கருவி பெருக்கித் தரும். பேச்சுக்கு இது அருமையான ஏற்பாடு. தன் குரல் தனக்குள்ளேயே குடத்துக்குள் பேசுவதுபோல் முழங்காது.

புளூடூத் பாட்டுக்கு நிலைமை தலைகீழ். பாட்டு வெளியே எங்கும் ஒலிக்கவில்லை, ஆகவே உள்ளே வருவதற்கு எதுவும் இல்லை. கருவியின் ரிசீவர், அதாவது காதுக்குள் இருக்கும் குட்டி ஒலிபெருக்கி, உண்டாக்கும் கொஞ்சநஞ்சத் தாழ்ந்த ஒலியும் அதே ஓட்டைகள் வழியாக வெளியே கசிந்துவிடும். எஞ்சுவது மேல்பாதிதான். கைபேசிச் செயலியில் தாழ்ந்த ஒலிகளுக்கான 'பாஸ்' அளவை எவ்வளவு உயர்த்தினாலும் ஓட்டைப் பானையில் நீர் ஊற்றும் கதைதான்.

அடுத்த வாரமே வேறொரு செவியியல் நிபுணரிடம் போனேன். விரல் சோதனையைச் சொன்னதும் அவர் சிரித்துத் தலையசைத்து, மூடிய டோமை எடுத்து மாட்டினார். பாதி சரியானது. மூன்று மாதங்களுக்குப் பிறகு காதுக்கு அளவெடுத்து அச்சு செய்துகொண்டேன், காற்றுப் போக ஒரே ஒரு சிறு துளையுடன். முதல் இரண்டு வாரம் என் குரலே எனக்கு ஒலிபெருக்கியில் கேட்பதுபோல் இருந்தது. மெல்லும் சத்தம் எரிச்சலூட்டியது. மூன்றாம் வாரம் பழகிவிட்டது. எல்லோருக்கும் பழகும் என்று சொல்லமாட்டேன். நாள் முழுக்கப் பேசும் வேலை செய்பவர்கள், டோமைக் கழற்றி மாற்றும் வகைக் கருவியாக இருந்தால், பாட்டுக் கேட்கும் நேரத்துக்கு மட்டும் மூடியதை மாட்டிக்கொள்ளலாம். ஆனால் டோம் மாறினால் கருவியின் அளவீடுகளும் மாற வேண்டும். அதை நிபுணர் ஒரு தனிப் புரோகிராமாக, அதாவது தனி அமைப்புத் தொகுப்பாக, போட்டுத் தர வேண்டும்.

அடைப்புக்கு அடுத்தபடியாகப் பலன் தந்தது அந்தப் புரோகிராம் விஷயம். பெரும்பாலான கருவிகளில் புளூடூத் ஒலிக்கென்று ஒரு தனிப் புரோகிராம் இருக்கிறது. அதை யாரும் தொடுவதில்லை, பேச்சுக்கான அமைப்பே அப்படியே அதற்கும் போய்விடுகிறது. நான் மூன்று பதிவுகளைக் கைபேசியில் எடுத்துக்கொண்டு போனேன்: ஒரு வாய்ப்பாட்டு, ஒரு வயலின், ஒரு மிருதங்கம். மூன்றும் எனக்கு மனப்பாடம். அவற்றை ஓடவிட்டபடியே ஒன்றரை மணி நேரம் திருத்தினோம்.

முதலில் அதிர்வெண் இறக்கத்தை நிறுத்தச் சொன்னேன். காதுக்கு எட்டாத உயர்ந்த ஒலிகளைக் கீழே இழுத்துக் கொண்டுவந்து கேட்கவைக்கும் வசதி அது. பேச்சில் மெய்யெழுத்துகளைப் பிடிக்க உதவும். இசையில் என்ன ஆகிறது என்றால், ஒரு சுரத்தின் மேலடுக்கு ஒலிகள் இடம்பெயர்ந்து அந்தச் சுரத்தோடு பொருந்தாத இடத்தில் விழுகின்றன. தார ஸ்தாயியில் வயலின் அபஸ்வரமாக ஒலித்ததற்கு வாசித்தவர்தான் காரணம் என்று மாதக்கணக்கில் நினைத்திருந்தேன். நிபுணரின் திரையில் ஒரு பெட்டியில் இருந்த குறியை எடுத்ததும் வில் நேராகிவிட்டது. அந்தக் கலைஞரிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

பிறகு ஒலி அமுக்கத்தைக் குறைத்தோம். மெல்லிய ஒலியை ஏற்றி, பலத்த ஒலியை அடக்கும் வேலை அது. வெளியிடப்படும் பதிவுகளில் பல ஏற்கெனவே ஒருமுறை அமுக்கப்பட்டவை. கருவியும் தன் பங்குக்கு அமுக்கினால் பாடகர் மூச்சிழுக்கும் ஓசையும் உச்சஸ்தாயி நிரவலும் ஒரே உயரத்தில் நிற்கும். இரைச்சல் குறைப்பையும் நிறுத்தினோம், சுருதியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் தம்புராவை அது இரைச்சல் என்று எண்ணி மெல்ல மெல்ல அழுத்திவிடுகிறது. பாட்டு ஓடும்போது வெளி மைக்கையும் நன்றாகத் தாழ்த்திவைத்தோம். மைக் திறந்திருந்து, பக்கத்தில் யாராவது புல்லாங்குழல் வாசித்தால், நீண்ட ஒற்றைச் சுரத்தைக் கருவி, தானே சிலசமயம் எழுப்பும் விசில் என்று நினைத்து அழிக்கப் பார்க்கும். சுரம் நடுங்கும். விசிலை அடக்கும் பகுதியின் குழப்பம் அது.

இனி புளூடூத். எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், என் அனுபவத்தில் இதற்கு மூன்றாம் இடம்தான். என் முதல் ஜோடி, ஆண்ட்ராய்டு 10 பதிப்போடு 2019இல் வந்த ஆஷா என்ற, காது கேட்கும் கருவிகளுக்கான புளூடூத் முறையில் இயங்கியது. அதில் ஒலி ஜி.722 என்ற குறியாக்கத்தில், நொடிக்கு 16,000 மாதிரிகளாகப் போகிறது. ஆகவே அதில் பாதியான 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வராது. இசைச் செயலியில் மிக உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அந்த வாசலில் வெட்டப்பட்டுவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய இரண்டாம் ஜோடியில், 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட எல்இ ஆடியோ என்ற புதிய புளூடூத் முறை இருக்கிறது. அதன் எல்சி3 குறியாக்கம் கருவிகளுக்கு 24,000 மாதிரிகள்வரை கொண்டுவருகிறது. வித்தியாசம் தெரிகிறது, வயலினில் வில் உரசும் மணல் போன்ற ஓசை கூடியிருக்கிறது. ஆனால் பழைய ஜோடியை அச்சோடும், புதியதைத் திறந்த டோமோடும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். பழையதுதான் பாட்டாக இருந்தது.

தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் செயலியின் சமன்படுத்தியில் ஒரு எச்சரிக்கை. காது அடைபட்டதும் எனக்கு ஆசை மிஞ்சி, 60 ஹெர்ட்ஸை நன்றாக ஏற்றிவிட்டேன். ரிசீவரால் தாங்க முடியாமல் பாடகரின் குரலே பிசிறடித்தது. அவ்வளவு சிறிய பொருளிடம் அந்த ஆழத்தைக் கேட்பது நியாயமில்லை. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் குரலின் ஆதார ஸட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். ஆகவே 125 முதல் 250வரை கொஞ்சமாக உயர்த்துவதோடு நிறுத்திக்கொண்டேன். பாட்டின் உடம்பு அங்கேதான் இருக்கிறது.

அன்றாடச் சங்கதிகள் சில. கைபேசியைப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நடந்தால் எதிர்ப்பக்கக் காதில் பாட்டு அறுபடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பு விழுங்கிவிடுகிறது. சட்டைப் பைக்கு மாற்றியதும் நின்றது. ஒரு மாதம் இடது காது மங்கலாகிக்கொண்டே வந்தது. இழப்பு கூடிவிட்டதோ என்று இரவு தூக்கமில்லை. ரிசீவர் முனையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். கடுகளவு வெள்ளை வடிகட்டி மெழுகில் பழுப்பாகி அடைத்திருந்தது. அதைக் குச்சியால் இழுத்தெடுத்துப் புதியதைப் பொருத்த அரை நிமிடம்கூட ஆகவில்லை. இப்போது மாதம் ஒருமுறை மாற்றுகிறேன், அச்சு போட்ட காதில் மெழுகு சீக்கிரம் சேர்கிறது.

வால்யூம் விஷயத்தில் கவனமாக இருக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். காது அடைபட்டபின் முன்பு வைத்ததைவிடக் குறைவாகவே வைக்க முடிகிறது, தாழ்ந்த ஒலிகள் இருப்பதால் பாட்டு நிறைந்து கேட்கிறது.

இன்னும் வராதது ஜால்ராவின் ஒலி. தட்டிய கணம் கேட்கிறது, அதன்பின் நீளும் இழை கேட்பதில்லை. 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெருக்கிப் பார்த்தோம், இழைக்குப் பதிலாகக் கரகரப்புத்தான் வந்தது. அதை அப்படியே விட்டுவிடச் சொல்லிவிட்டேன். தொப்பி கேட்கிறது.