பழைய காரின் ஆயில் லீக்: டீலர் கொடுத்த எஸ்டிமேட்டில் எதைச் செய்யலாம், எதை விடலாம்

வாரன்ட்டி முடிந்து பல வருடமான கார், 1,60,000 கிலோமீட்டரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆயில் மாற்றத்தான் கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டேன். மாலையில் அட்வைசர் ஒரு எஸ்டிமேட்டோடு வந்தார். டேப்பெட் கவர் (எஞ்சினின் மேல் மூடி) பேக்கிங், முன்பக்க கிராங்க் சீல் (எஞ்சினின் சுழலும் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வளையம்), சம்ப் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) பேக்கிங், பின்பக்க கிராங்க் சீல், வாட்டர் பம்ப் என்று ஐந்து வரி. கூட்டிப் பார்த்தால் காரை இன்றைக்கு விற்றால் கிடைப்பதில் பாதியை நெருங்குகிறது. "எல்லா இடத்திலும் லீக் சார், இப்படியே ஓட்டினால் எஞ்சின் சீஸ் ஆகிவிடும், மொத்தமாகச் செய்துவிடுங்கள்" என்றார்.

இந்தச் சர்வீஸைப் பற்றி என் முதல் புகாரே இந்தப் பேச்சுதான். எஞ்சின் சீஸ் ஆவது, அதாவது உள்ளே இறுகிச் சுற்றாமல் நின்றுவிடுவது, ஆயில் அளவு குறைந்து, அது தெரியாமலே ஓட்டும்போது. ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கை அவ்வப்போது எடுத்துப் பார்த்து, குறைந்ததை ஊற்றி ஓட்டுகிறவருக்கு வெறும் கசிவால் எஞ்சின் போய்விடாது. பழைய எஞ்சினில் ரப்பர் சீல்கள் சூட்டில் இறுகி லேசாக ஈரம் காட்டுவது சகஜம். ஈரம் வேறு, சொட்டுவது வேறு, ஒழுகுவது வேறு. மூன்றையும் 'லீக்' என்ற ஒரே சொல்லில் எழுதி வாடிக்கையாளரைப் பயமுறுத்துவது சரியில்லை, கார் பற்றித் தெரியாதவர்கள் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

கையெழுத்துப் போடாமல், எங்கே கசிகிறது என்று காட்டச் சொன்னேன். மறுக்கவில்லை, அதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். லிஃப்டில் இருந்த காருக்கு அடியில் அழைத்துப்போனார்கள். வேலை பார்த்த டெக்னீஷியன் டார்ச் அடித்துப் பொறுமையாகக் காட்டினார். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் தூசியும் ஆயிலும் சேர்ந்து கறுப்புக் களிம்பாக அப்பியிருந்தது, அதன் நுனியில் ஒரு சொட்டு. அந்தச் சொட்டை வைத்துத்தான் பின்பக்க கிராங்க் சீல் என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் டார்ச்சை அப்படியே மேலே கொண்டுபோனால் எஞ்சினின் பின்பக்கம் முழுக்க ஒரு ஈரக்கோடு. காரை இறக்கச் சொல்லி, பானெட்டைத் திறந்து, டேப்பெட் கவரின் பின் மூலைக்குக் கீழே விரலை விட்டுத் தடவினேன். புது ஆயில் பளபளவென்று ஒட்டிக்கொண்டு வந்தது.

ஆயில் மேலிருந்து கீழே இறங்கும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டும் இடத்தை மட்டும் பார்த்து எந்த சீல் என்று சொல்லவே முடியாது. ஈரத்தில் ஆக மேலே, ஆக முன்னால் இருக்கும் புள்ளிதான் மூலமாக இருக்க அதிக வாய்ப்பு. டேப்பெட் கவர் பேக்கிங் என்பது மேலே சில போல்ட்டைக் கழற்றிச் செய்கிற வேலை, பெரும்பாலான எஞ்சின்களில் ஒரு மதியத்தில் முடிந்துவிடும். பின்பக்க கிராங்க் சீலுக்கோ கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். சீல் என்னவோ சின்ன வளையம்தான், செலவு மொத்தமும் லேபரில். முதலாவது பழுதை இரண்டாவது என்று எழுதிவிட்டால் பணமும் போய், கியர்பாக்ஸும் இறங்கி ஏறி, கசிவு மட்டும் அப்படியே இருக்கும்.

எனவே எஞ்சினை நன்றாகக் கழுவி, டேப்பெட் கவர் பேக்கிங்கை மட்டும் மாற்றித் தாருங்கள், கொஞ்ச நாள் ஓட்டிவிட்டு வருகிறேன், மற்றதை அப்போது பார்க்கலாம் என்றேன். அட்வைசருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டார். கழுவியும் புரியாவிட்டால் ஆயிலில் கலக்கும் ஒரு சாயம் இருக்கிறது, கலந்து ஓட்டிவிட்டுப் புற ஊதா விளக்கில் பார்த்தால் கசியும் இடம் மின்னும். எனக்கு அது தேவைப்படவில்லை. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டுத் திரும்ப லிஃப்டில் ஏற்றினால் சம்ப் காய்ந்திருந்தது, கியர்பாக்ஸ் பக்கம் லேசான ஈரம் மட்டும், சொட்டு இல்லை. ஐந்து வரியில் மிகப் பெரிய செலவு அந்த நிமிடமே தள்ளிப்போனது.

எஸ்டிமேட்டில் இல்லாத ஒன்றையும் நானே கேட்டுச் செய்தேன், பிசிவி வால்வ். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே இழுக்கும் சின்ன வால்வ் அது. அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நன்றாக இருக்கும் சீல் வழியாகக்கூட ஆயிலைத் தள்ளும். பல கார்களில் விலை குறைந்த பொருள், மாற்றுவதும் சுலபம். பல இடத்தில் ஒரே நேரத்தில் கசிகிறது என்று ஒரு சர்வீஸ் சென்டர் சொல்லும்போது இதைப் பார்த்தீர்களா என்று கேட்டே ஆக வேண்டும். ஐந்து கசிவை எழுதியவர்கள் இதைத் தொட்டுக்கூடப் பார்க்காதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எஸ்டிமேட் முழுக்கத் தப்பு என்று சொல்ல மாட்டேன். முன்பக்க கிராங்க் சீலும் வாட்டர் பம்பும் நியாயமான வரிகள். பம்பின் அடியில் இருக்கும் சின்ன ஓட்டையைச் சுற்றி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் காய்ந்து வெள்ளைத் தடமாக நின்றது, உள்ளே சீல் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். கிராங்க் சீலிலிருந்து வரும் ஆயில், வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் பெல்ட்டில் பட்டால் பெல்ட் கெட்டுவிடும், பெல்ட் அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். பெல்ட் மாற்றும் கெடுவும் எனக்கு வந்திருந்தது. ஆனால் இங்கேதான் கவனிக்க வேண்டியது, சீலுக்கு ஒரு லேபர், பம்புக்கு ஒரு லேபர் என்று தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். என் எஞ்சினில் பம்பை ஓட்டுவதே டைமிங் பெல்ட்தான், சீல், பம்ப், பெல்ட் மூன்றுக்கும் கழற்றுவது ஒரே கவர், ஒரே பெல்ட். ஒருமுறை கழற்றுவதற்கு எத்தனை முறை லேபர் என்று கேட்டேன். உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து குறைத்தார்கள், நன்றாகவே குறைந்தது. கேட்காமல் இருந்தால் குறைத்திருப்பார்களா என்பதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

இதை ஏன் வெளி மெக்கானிக்கிடம் தரவில்லை என்று கேட்பீர்கள். டேப்பெட் கவர் மாதிரி வேலையை நம்பிக்கையான வெளி ஆளிடம் தாராளமாகத் தரலாம், ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், புது பேக்கிங் போடாமல் பேஸ்ட்டை அள்ளி அப்புகிறவரிடம் விடாதீர்கள். உள்பக்கம் பிதுங்கும் பேஸ்ட் துண்டு துண்டாக உதிர்ந்து சம்பில் ஆயில் உறிஞ்சும் சல்லடையை அடைத்துவிடும், அப்போதுதான் எஞ்சின் நிஜமாகவே போகும். டைமிங் பக்கத்து வேலை அப்படியில்லை, எஞ்சின் நகராமல் பிடிக்கும் பூட்டு டூலும், போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்ற சரியான டார்க் அளவும் வேண்டும். அதற்கு டீலரே மேல் என்பது என் கருத்து, பார்ட்டுக்கும் வேலைக்கும் எழுத்தில் வாரன்ட்டியும் தந்தார்கள்.

எதையும் தள்ளிப்போடக் கூடாத நிலைமையும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பாகிவிடும். ஆயில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் சூடான குழாயில்) சொட்டி எரியும் வாசனையோ புகையோ வந்தால் அது தீப்பிடிக்கிற விஷயம். கூலன்ட் வெளியே ஒழுகாமலே குறைந்துகொண்டே போனாலும், டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த மாதிரி தெரிந்தாலும் ஹெட் கேஸ்கெட்டை (எஞ்சினின் தலைப்பகுதிக்கும் பிளாக்குக்கும் இடையிலுள்ள பேக்கிங்கை) சந்தேகப்பட வேண்டும். ஆயில் அழுத்த விளக்கு எரிந்தால் அங்கேயே வண்டியை நிறுத்துங்கள். இந்த அறிகுறிகளில் எஸ்டிமேட்டை வைத்துப் பேரம் பேச நேரமில்லை.

டெக்னீஷியன்களின் வேலைக்கு என் முழு மதிப்பெண். வாட்டர் பம்ப், பெல்ட், சீல் எல்லாம் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள், கழற்றிய பழைய பார்ட்டுகளைக் கேட்டதும் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அட்வைசர் பக்கம் பாதிதான் தருவேன், கழுவிப் பார்க்காமலே சீல் பெயரை எழுதுவது வாடிக்கையாளரின் பணத்தில் யூகிப்பது. சம்ப் பேக்கிங்கை எஸ்டிமேட்டிலிருந்து அடித்துவிட்டேன். பின்பக்க கிராங்க் சீலை அப்படியே விட்டிருக்கிறேன், கிளட்ச் போகும்போது எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கும், அதோடு சேர்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று டெக்னீஷியனும் சொல்லிவிட்டார். அதுவரை டிப்ஸ்டிக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டப் போகிறேன்.