ஜின்சரும் என் அடைப்புக்குறிகளும்

நன்றாக எழுதுவது எப்படி என்று சொல்லித்தரும் வில்லியம் ஜின்சரின் ‘ஆன் ரைட்டிங் வெல்’ புத்தகம் 14 வருஷமாக என் மேஜையில் கிடக்கிறது. நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய பிரதி. இரண்டு முறை முதுகு பிரிந்து, டேப் ஒட்டியிருக்கிறேன்.

இது எழுந்த கதையே ஒரு பாடம். ஜின்சர் ‘நியூயார்க் ஹெரால்ட் ட்ரிப்யூன்’ நாளிதழில் வேலை பார்த்தவர். 1970களில் யேல் பல்கலைக்கழகத்தில் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுத்தார். அந்த வகுப்பையே புத்தகமாக்கச் சொன்னது அவர் மனைவி. 1976-ல் வெளிவந்தது. ஸ்டிரங்கும் ஈ.பி. வைட்டும் எழுதிய சின்ன ஆங்கில எழுத்துநடைக் கையேடு அப்போது கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தது. இவர் அதோடு மல்லுக்கு நிற்கவில்லை. பேட்டி, பயணம், விளையாட்டு, அறிவியல் என்று அது தொடாத பக்கம் போனார்.

நான் அதிகம் புரட்டியது, அவரே அடித்துத் திருத்திய தட்டச்சுப் பிரதி அச்சாகியிருக்கும் இரண்டு பக்கங்களை. நாலைந்து முறை திருத்தியபிறகும் அவ்வளவு அடித்தல்! மாணவர் கட்டுரைகளில் வேலை செய்யாத சொல்லை அவர் அடிக்கமாட்டார், அடைப்புக்குறிக்குள் போடுவார். எடுத்துவிட்டுப் படித்துப் பார் என்று அர்த்தம்.

பத்திரிகையில் பிழை திருத்தும் எனக்கு அது கைப்பழக்கமாகிவிட்டது. ‘மாநகராட்சி (சார்பில்) சாலை சீரமைப்பு(ப் பணிகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன என்பது குறிப்பிடத்தக்கது)’ என்று ஒரு செய்தி வரும். ‘மாநகராட்சி சாலையைச் சீரமைக்கிறது’ என்றால் முடிந்தது. ‘குறிப்பிடத்தக்கது’ என்று எழுதுகிறவர் ஏற்கெனவே குறிப்பிட்டுவிட்டார்தானே!

குறையும் உண்டு. ஆங்கிலச் சொல்வழக்கு பற்றிய பகுதி நமக்கு உதவாது. பேஸ்பால் உதாரணங்களை நான் தாண்டிவிடுவேன்.

பெரிய தப்பு என்னுடையது. ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் ஒருவரின் நினைவுக் கட்டுரையில் ‘அந்தக் காலத்துல’, ‘என்னத்தச் சொல்ல’ எல்லாவற்றையும் வழித்தெடுத்தேன். இதழைப் படித்துவிட்டு, “நல்லா இருக்கு தம்பி, ஆனா யாரு எழுதினது?” என்றார். எழுதுகிறவரின் குரலைக் காப்பாற்றச் சொல்லி ஜின்சர் அதே புத்தகத்தில் விரிவாகவே எழுதியிருக்கிறார். நான்தான் முதல் சில அத்தியாயங்களைத் தாண்டாமல் பேனாவை எடுத்துவிட்டேன்.